நாற்பது நிமிடமும் நாற்பது பேரும்



உங்கள் டைம்டேபிளை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். கணக்கு, அறிவியல், ஆங்கிலம் என்று வரிசையாக இருக்கும் கட்டங்களுக்கு நடுவே, வாரத்தில் ஒன்றோ இரண்டோ கட்டத்தில் மட்டும் 'பி.டி.' என்று எழுதியிருக்கும். அந்தக் கட்டத்தைச் சுற்றி ஸ்கெட்ச் பேனாவால் பூ வரைந்திருப்பீர்கள். சரிதானே?

இந்த வாரம் அந்தப் பீரியடைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதுவும் அதில் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குகளைப் பற்றி. "அய்யோ, விளையாடக்கூட ரூல்ஸா?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். முதலில் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

பீரியட் 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் 40 பேர். மணி அடித்ததும் கூச்சல் போட்டுக்கொண்டு கிளம்பி, மைதானம் போய்ச் சேர 5 நிமிடம். வரிசையில் நின்று, 'அவன் என்னைத் தள்ளிட்டான் சார்' எல்லாம் முடிந்து, வருகைப் பதிவு எடுக்க 5 நிமிடம். பந்து எங்கே, பம்ப் எங்கே, சாவி யாரிடம் என்று தேட 4 நிமிடம். யார் எந்த டீம் என்று சண்டை போட 8 நிமிடம். 'அவுட்', 'இல்லவே இல்லை' என்று வாதாட 5 நிமிடம். பொருள்களைத் திரும்ப வைத்து வகுப்புக்குப் போக 5 நிமிடம். கூட்டுங்கள். 32 வந்துவிட்டதா? மிச்சம் 8 நிமிடம்!

அந்த 8 நிமிடத்திலும் ஒரே ஒரு பந்துதான். 22 பேர் ஆடுகிறார்கள் என்றால் 18 பேர் சுவரோரம் நிற்கிறார்கள். அந்த 18 பேருக்கு எத்தனை நிமிடம் விளையாட்டு? பூஜ்யம்.

5 வயதிலிருந்து 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடி ஆட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. பள்ளி முடிந்ததும் டியூஷன், டியூஷன் முடிந்ததும் செல்போன் என்று இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அந்தப் பி.டி. பீரியடை விட்டால் ஓடுவதற்கு வேறு நேரமே கிடையாது. அதில்தான் 32 நிமிடத்தை நாமே தூக்கிப் போடுகிறோம்.

இப்போது புரிகிறதா? பி.டி. பீரியடில் ஒழுங்கு என்பது விளையாட்டைக் குறைப்பதற்கு அல்ல. விளையாடும் நேரத்தைக் கூட்டுவதற்கு!

எப்படிக் கூட்டலாம்? மணி அடிப்பதற்குள் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட வேண்டும். இரண்டு பேர் மட்டும் முன்னால் போய்ப் பந்து, வளையம், ஸ்கிப்பிங் கயிறு எல்லாவற்றையும் எண்ணி வாங்கி வரவேண்டும். அந்த இருவர் யார் என்று வாரா வாரம் முறை வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் லீடரின் சிநேகிதர்களே போகக் கூடாது. மற்றவர்கள் வரிசையாக, சத்தமில்லாமல் நடந்து போக வேண்டும். மைதானத்தில் அவரவருக்கு ஓர் இடம் என்று முதல் வாரத்திலேயே முடிவாகிவிட்டால், வரிசை நிற்க அரை நிமிடம் போதும். எந்த இடம் காலியாக இருக்கிறதோ அவர் 'ஆப்சென்ட்'. பெயர் கூப்பிட வேண்டிய வேலையே இல்லை!

சத்தமில்லாமல் நடக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பக்கத்து வகுப்புகளில் பாடம் நடந்துகொண்டிருக்கும். நீங்கள் ஓ... என்று கத்திக்கொண்டு வராந்தாவில் ஓடினால், தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார். "இந்த வகுப்புக்கு இந்த வாரம் பி.டி. கிடையாது" என்று சொல்லிவிடுவார். அந்தப் பீரியடைக் கடன் வாங்க யாராவது காத்துக்கொண்டே இருப்பார்கள். கணக்கு வாத்தியார்கள் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் பரீட்சை நெருங்கும்போது முதலில் காணாமல் போவது இந்தப் பீரியட்தான். இத்தனைக்கும், 2009இல் வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில், பள்ளிக்கூடம் என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலில் குடிநீருக்குச் சமமாக விளையாட்டு மைதானத்தையும், விளையாட்டுப் பொருள்களையும் சேர்த்திருக்கிறார்கள். விளையாட்டு உங்களுக்கு யாரோ கொடுக்கும் மிட்டாய் அல்ல. உங்கள் வகுப்பின் பி.டி. பீரியட் தொடர்ந்து பறிபோனால், லீடரும் இன்னும் இரண்டு பேரும் போய் மரியாதையாக, "சார், எங்களுக்கு அந்தப் பீரியட் வேணும்" என்று கேட்கலாம். ஒழுங்காக நடந்துகொள்ளும் வகுப்பு கேட்டால் மறுப்பது கஷ்டம்!

நான் இடைநிலை ஆசிரியராக இருந்தவன். தொடக்கப் பள்ளியில் பி.டி.க்கு என்று தனி ஆசிரியர் இருக்க மாட்டார். சாக்பீஸும் விசிலும் ஒரே சட்டைப் பையில்தான் இருக்கும். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

சரி, ஒரு கதை கேளுங்கள். நிஜக் கதை.

1891ஆம் வருடம், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். அங்கே ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஒன்று. பனிக்காலம் என்பதால் வெளியே விளையாட முடியாது. உள்ளே கூடத்தில் தினமும் அதே உடற்பயிற்சி. மாணவர்கள், உங்களைவிடப் பெரியவர்கள்தான், சலித்துப்போய் ரகளை செய்தார்கள். அந்த அடங்காத வகுப்பு ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்கல்வி ஆசிரியரிடம் வந்து சேர்ந்தது. 'கூடத்துக்குள்ளே ஆடுவதற்குப் புதிதாக ஒரு விளையாட்டுக் கண்டுபிடி' என்று அவருக்கு உத்தரவு; கெடு இரண்டே வாரம்.

அவர் முதலில் வெளியே ஆடும் கால்பந்தையே கூடத்துக்குள் ஆடவிட்டுப் பார்த்தார். சின்ன இடத்தில் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டு அடிபட்டார்கள். நெய்ஸ்மித் உட்கார்ந்து யோசித்தார். ஏன் ஒருவரை ஒருவர் பிடித்துத் தள்ளுகிறார்கள்? பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் ஓடுவதால்தான். அவன் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டால்? பிடித்துத் தள்ள வேண்டிய தேவையே இல்லையே! சரி, கோல் போட ஏன் பந்தை அவ்வளவு வேகமாக எறிகிறார்கள்? கோல் நேர் எதிரே இருப்பதால். அதைத் தலைக்கு மேலே வைத்துவிட்டால், மெதுவாக வீசினால்தானே உள்ளே விழும்?

பீச் பழம் வைக்கிற இரண்டு கூடைகளை, கூடத்தின் மாடித் தடுப்பில் 10 அடி உயரத்தில் மாட்டினார்கள். 13 விதிகளை டைப் அடித்துச் சுவரில் ஒட்டினார் நெய்ஸ்மித். வகுப்பில் 18 பேர். பக்கத்துக்கு 9 பேராக எல்லோருமே ஆடினார்கள். அதுதான் கூடைப்பந்து! இன்றைக்கும் உங்கள் பள்ளிக் கூடைப்பந்து வளையம் 10 அடி உயரத்தில்தான் இருக்கும். வேண்டுமானால் அளந்து பாருங்கள். ஒரு பி.டி. வகுப்பில் யாருக்கும் அடிபடக் கூடாது, எல்லோரும் ஆட வேண்டும் என்று யோசித்து எழுதிய விதிகளே ஓர் உலக விளையாட்டாக மாறிவிட்டன.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் பின்னாளில் மதராஸுக்கு வந்து, 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர். இன்று அது சென்னை நந்தனத்தில் இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிகளில் விசில் ஊதிய எத்தனையோ பி.டி. சார்கள் அங்கே படித்து வந்தவர்கள்தான்.

நெய்ஸ்மித்திடம் எனக்குப் பிடித்தது ஒன்று. அவர் 'யார் ரகளை செய்தார்கள்?' என்று தேடிக்கொண்டிருக்கவில்லை. 'எந்த விதி இல்லாததால் ரகளை வந்தது?' என்று தேடினார். உங்கள் வகுப்பிலும் இப்படித் தேடிப் பாருங்களேன்!

உதாரணத்துக்கு, டீம் பிரிக்கிற அந்த 8 நிமிடச் சண்டை. சாதாரணமாக என்ன நடக்கிறது? நன்றாக ஆடும் இரண்டு பேர் தலைவர்கள். 'நான் இவனை எடுத்துக்கறேன்', 'நான் அவளை எடுத்துக்கறேன்' என்று ஒவ்வொருவராகப் பொறுக்குவார்கள். கடைசியில் மூன்று நான்கு பேர் மிச்சம் நிற்பார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு, ஷூ நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டு. 'சரி, இவனையும் நீயே வச்சுக்கோ' என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலைக் கேட்ட பிள்ளைக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. வாரா வாரம் கேட்டால், 'எனக்கு விளையாட்டே பிடிக்காது' என்று சொல்ல ஆரம்பித்துவிடும். நிஜமாகவே பிடிக்காமல் போனதா என்ன?

இதற்கு நம் ஊரில் அழகான வழி ஒன்று இருந்தது. உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ 'உத்தி பிரிக்கிறது'ன்னா என்ன என்று கேட்டுப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே மாதிரி ஆடக்கூடிய இரண்டு பேர் ஜோடி சேர்வார்கள். தோளில் கை போட்டுக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய், காதோடு காதாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்வார்கள். திரும்பி வந்து, "வானம் வேணுமா, பூமி வேணுமா?" என்று தலைவர்களைக் கேட்பார்கள். ஒரு தலைவர் "வானம்" என்பார். யார் வானம் என்பது அவருக்குத் தெரியாது! வானம் அந்தப் பக்கம் போக, பூமி இந்தப் பக்கம் வரும். அடுத்த ஜோடிக்கு அடுத்த தலைவர் முதலில் சொல்வார்.

என்ன புத்திசாலித்தனம் பாருங்கள். நன்றாக ஆடுபவரோடு நன்றாக ஆடுபவர், சுமாராக ஆடுபவரோடு சுமாராக ஆடுபவர் என்று ஜோடி சேர்வதால் இரண்டு அணியும் சமமாகிவிடும். யாரையும் யாரும் பொறுக்குவதில்லை. அதனால் கடைசியில் மிச்சம் நிற்பவர் என்று ஒருவர் இல்லவே இல்லை. கேள்வி கேட்பதும் விளையாட்டாகவே இருக்கும். 40 பேருக்கும் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்த பி.டி. பீரியடில் செய்து பாருங்கள்.

'அவுட்' ஆனவர்கள் விஷயமும் இப்படித்தான். பந்தால் அடித்து அவுட் ஆக்கும் ஆட்டத்தில் முதல் நிமிடத்திலேயே வெளியே போவது யார்? ஓட்டம் குறைவான பிள்ளை. யாருக்கு அதிகப் பழக்கம் வேண்டுமோ அவரே அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறார்! கபடியைப் பாருங்கள். எதிரணியில் ஒருவர் அவுட் ஆனால், நம் அணியில் வெளியே போனவர்களில் ஒருவர் உள்ளே வரலாம். அதுவும் யார் முதலில் வெளியே போனாரோ அவரே முதலில் வர வேண்டும். கோ-கோவில் வரிசையாக உட்கார்ந்திருப்பவருக்கும் 'கோ' வாங்கி எழுந்து ஓடும் முறை வந்துகொண்டே இருக்கும். நீங்களும் உங்கள் ஆட்டத்தில் இப்படி ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளலாம். அவுட் ஆனவர் மைதானத்தை ஒரு சுற்று ஓடிவிட்டு மறுபடி உள்ளே வரலாம் என்று வையுங்களேன். உட்காரவும் வேண்டாம், ஓட்டமும் பழகும்.

அடுத்து, வேப்ப மரத்தடிப் பிள்ளை. உங்கள் வகுப்பிலும் இருப்பார். காலில் ஏதோ குறை, அல்லது கொஞ்சம் குண்டு, அல்லது மூச்சு வாங்கும். எல்லோருடைய வாட்சும் தண்ணீர் பாட்டிலும் அவர் மடியில்தான். 'நீ பார்த்துக்கடா' என்று கொடுத்துவிட்டு ஓடிவிடுவோம். அவரும் சிரித்துக்கொண்டேதான் வாங்கிக்கொள்வார். அதனால் அவருக்கு அது போதும் என்று நினைத்துவிடுகிறோம்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி என்ற கிராமத்தில் ஒரு பையனுக்கு 5 வயதில் பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. அவனை மரத்தடியில் உட்கார வைத்திருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் அவனை உயரம் தாண்ட வைத்தார். அந்தப் பையன்தான் மாரியப்பன் தங்கவேலு. 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். 2021இல் டோக்கியோவில் வெள்ளி, 2024இல் பாரிஸில் வெண்கலம். ஸ்கேலை வைத்து 1.89 மீட்டரைச் சுவரில் குறித்துப் பாருங்கள். உங்கள் அப்பாவின் தலைக்கும் மேலே இருந்தாலும் இருக்கும்!

எல்லோரும் மாரியப்பன் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மரத்தடியில் இருப்பவரிடம், "உனக்கு எது ஆட வரும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வளையம் எறியலாம், கேரம் ஆடலாம், அம்பயராக நிற்கலாம், பந்து போடலாம். தண்ணீர் பாட்டில்களை வைக்க ஒரு கூடை போதும்; அதற்கு ஒரு பிள்ளை தேவையில்லை.

பெண் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பையன்கள் மைதானம் முழுக்கப் பரவிக்கொள்ள, நீங்கள் ஓரமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பது வழக்கமாகிவிட வேண்டாம். பாதி மைதானம் உங்களுடையது; கேட்டு வாங்குங்கள். உடம்புக்கு முடியாத நாள் என்றால் டீச்சரிடம் தனியாகச் சொன்னால் போதும். எல்லோர் முன்னாலும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. காரணம் கேட்டுக் கிண்டல் செய்யும் பையன்களுக்கு விதி என்னவென்று டீச்சர் பார்த்துக்கொள்வார்!

இனி பத்திரம். இதில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பு.

விசில் சத்தம் கேட்டால் அந்த நிமிடமே நிற்க வேண்டும். 'இந்த ஒரு பந்து மட்டும் சார்' என்ற பேச்சே கூடாது. யாரோ விழுந்திருக்கலாம், மைதானத்துக்குள் மாடு வந்திருக்கலாம். காரணத்தை அப்புறம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்டம் தொடங்குமுன் எல்லோரும் ஒரே வரிசையாக மைதானத்தின் குறுக்கே நடந்து, கல், கண்ணாடித் துண்டு, நெருஞ்சி முள் எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. நம் ஊரில் ஷூ இல்லாமல் ஆடும் பிள்ளைகள் உண்டு. அது குற்றமும் அல்ல. அந்தப் பாதங்களுக்காக இந்த நடை. வளையல், செயின், மோதிரம், கூர்மையான ஹேர்பின் எல்லாம் கழற்றி வையுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள்.

குண்டு, ஈட்டி, வட்டு எறியும்போது எறிபவருக்கு முன்னால் ஒரு ஈ காக்கை இருக்கக் கூடாது. எல்லோரும் எறிந்து முடித்து, சார் சொன்ன பிறகுதான் எடுக்கப் போக வேண்டும். எடுத்ததை அங்கிருந்தே திருப்பி எறியாதீர்கள்; கையில் எடுத்து நடந்து வாருங்கள். ஈட்டியை முனை தரையைப் பார்க்க நிமிர்த்திப் பிடித்து நடக்க வேண்டும். பேட் சுழலும் தூரத்துக்குள் கீப்பர் தவிர யாரும் நிற்கக் கூடாது. கீப்பரும் ஒட்டி நிற்கக் கூடாது. கோல் போஸ்டில் தொங்கி ஆடுவது வேண்டவே வேண்டாம். தரையில் சரியாக ஊன்றாத கோல் போஸ்ட் அப்படியே சாய்ந்து தலையில் விழும், உயிரே போயிருக்கிறது.

வீசிங், வலிப்பு, இதயக் கோளாறு ஏதாவது இருந்தால் வருட ஆரம்பத்திலேயே அப்பா அம்மாவிடம் கடிதம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். இன்ஹேலர் வகுப்பில் பைக்குள் இருந்தால் பிரயோஜனம் இல்லை, மைதானத்துக்குக் கூடவே வர வேண்டும். காலையில் சாப்பிடாமல் வந்திருந்தால் அதையும் சாரிடம் சொல்லுங்கள். அதில் வெட்கம் எதற்கு? வெயிலில் தலை சுற்றினாலோ, கண் இருட்டினாலோ, வாந்தி வருவது போல் இருந்தாலோ உடனே நிழலுக்குப் போய் உட்கார்ந்து ஆளைக் கூப்பிடுங்கள். சிநேகிதன் அப்படி உட்கார்ந்தால், 'நடிக்கிறான்டா' என்று சொல்லாதீர்கள். ஓடிப் போய் சாரைக் கூட்டி வாருங்கள்.

சிராய்ப்பு என்றால் மண்ணையோ, சாக்பீஸ் தூளையோ அப்பக் கூடாது. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்கச் சொல்வார்கள். அது தப்பு, ரத்தம் தொண்டைக்குள் போகும். தலையைச் சற்று முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு விடுங்கள். யாராவது கழுத்தோ, தலையோ அடிபட விழுந்தால் தூக்கி நிறுத்தாதீர்கள். அசைக்காமல் வைத்து, பெரியவர் வரும்வரை பக்கத்திலேயே இருங்கள்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்பே சார் விசில் ஊதுகிறாரே என்று உங்களுக்குக் கோபம் வரும். எண்ணி வாங்கிய பந்துகளை எண்ணிக் கொடுக்க வேண்டாமா? மூச்சு நிதானத்துக்கு வர மெதுவாக ஒரு சுற்று நடக்க வேண்டாமா? கை, கால், முகம் கழுவி, நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டு வரிசையில் நில்லுங்கள். அடுத்த பீரியட் கணக்கு. வாத்தியார் வருவதற்குள் நாற்பது பேரும் உள்ளே போய் உட்கார்ந்துவிடலாம்.